அத்தை கலக்கிய சிவப்பு

விளிம்பில் நீலக் கோடு போட்ட வெள்ளை எனாமல் கிண்ணம் அது. உள்ளே ரோஜா நிறத்தில் ஒரு கறை. சாம்பல் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அறுபதுகளின் தொடக்கத்தில், மேட்டூரில், என் மாமியார் அதில்தான் கேக்குக்கு ஐசிங் கலக்குவார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். தன் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் ஒரு கம்பெனித் துரை வீட்டில் சமையல் பார்த்தவர். துரை குடும்பம் ஊருக்குக் கப்பலேறியபோது, ஐசிங் பிழியும் இரண்டு தகரக் குழல்களை அத்தை கையில் கொடுத்துவிட்டுப் போனது. அந்தக் குழல்களை அவர் நகைப்பெட்டியில் வைத்திருந்தார். நகை என்று சொல்லிக்கொள்ள அதில் வேறு அதிகம் இல்லை.

அத்தைக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் என் கணவர். இளையவர், என் கொழுந்தனார், சாமியாராவதற்குக் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தார். ஈஸ்டர் முடிந்ததும் அவருக்குக் குருப்பட்டம், அடுத்த ஞாயிறு எங்கள் கோவிலில் முதல் பூசை என்று முடிவாகியிருந்தது. புதுச் சாமியார் பூசை முடித்து வெளியே வந்ததும் ஊரே வரிசையில் நின்று அவர் உள்ளங்கைகளில் முத்தமிட்டு முத்தி செய்யும். முதல் ஆள் பெற்ற தாய். அந்த நாளுக்கு ஒரு பெரிய கேக், அதன் நடுவில் இயேசுவின் சிவந்த திரு இருதயம்: அத்தை தெரு முழுக்க இதைச் சொல்லி வைத்திருந்தார்.

இரண்டு மாதத்துக்கு முன்பே ஒத்திகை தொடங்கிவிட்டது. சர்க்கரையை அரைத்து, மல்துணியில் சலித்து, முட்டை வெள்ளையில் கொட்டி, எலுமிச்சைச் சாறு விட்டுக் கை ஓயும்வரை அடிப்பார். மஞ்சள் கருவெல்லாம் எங்களுக்குப் பொரியலாக வரும். தின்று தின்று எனக்கு முட்டை என்றாலே குமட்டியது. வெள்ளை நுரையில் சிவப்புப் பொடியைத் தூவினால் ரோஸ் வரும். இன்னும் தூவினால் கொஞ்சம் அழுத்தமான ரோஸ் வரும். சிவப்பு மட்டும் வராது. சுவரில் மாட்டியிருந்த திரு இருதயப் படத்துக்கு நேரே கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து, படத்தையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். "ரெண்டாங்கெட்டானா இருக்குது அம்மிணி. ஆண்டவருக்குச் சோகை புடிச்சாப்பல." அப்படியே வழித்துக் கொட்டிவிட்டு மறுபடி முட்டை உடைப்பார்.

அந்த நாட்களில்தான் கொழுந்தனாரின் கடிதம் என் கணவருடைய ஆபீஸ் விலாசத்துக்கு வந்தது. தனக்கு இந்த அழைப்பு இல்லை என்று பல மாதம் ஜெபித்துத் தெரிந்துகொண்டதாகவும், பட்டம் வாங்கப் போவதில்லை என்றும் எழுதியிருந்தார். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அவர்கள் கூப்பிட்டால் வீட்டுக்கு வருகிறேன் என்று முடித்திருந்தார். நான் இரண்டு முறை படித்தேன்.

"ஞாயித்துக்கெழம சொல்லிக்கலாம்" என்றார் என் கணவர். ஞாயிறு வந்தது, போனது. அடுத்த ஞாயிறும் போனது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? பகல் முழுக்க அத்தையின் பக்கத்தில் இருந்தது நான்தான். எனக்கும் வாய் வரவில்லை. யாராவது சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அத்தை பொட்டலப் பொடி முழுவதையும் கொட்டிவிட்டார். "இப்பப் பாரு, செவந்துருக்குதா?"

"செவந்துருக்குதுங்க அத்தை" என்றேன். அப்போதும் அது ரோஸ்தான்.

"நாக்குல வெச்சுப் பாரு."

வேப்பங்கொழுந்தாய்க் கசந்தது. "நல்லாத்தான் இருக்குதுங்க" என்றேன். அப்போதுதான் எங்கள் கோவில் பங்குச் சாமியார் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். குருமடத்திலிருந்து அவருக்கும் தகவல் போயிருக்கிறது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்து, ஆறுதல் சொல்ல வந்திருந்தார். "மனசத் தளர விடாதீங்கம்மா. கட்டாயத்துல பட்டம் வாங்குறதவிட இது எவ்வளவோ மேல்" என்றார்.

அத்தை கையில் கரண்டி இருந்தது. சாமியாரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்திலிருந்தே மீதியைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். "உக்காருங்க சாமி, காப்பி போடறேனுங்க" என்றார். காப்பி போட்டுக் கொடுத்தார், அவர் போகும்வரை நின்றார். பிறகு கிண்ணத்தின் மேல் ஈரத்துணியை மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அழவில்லை. அழுதிருந்தால் நானும் கூட உட்கார்ந்து அழுதிருப்பேன்.

மறுநாள் காலை கிண்ணத்தைக் கழுவலாம் என்று துணியை எடுத்தேன். உள்ளே சிவப்பு. ரோஸ் இல்லை, கனிந்த மிளகாய்ப் பழத்தின் சிவப்பு. கலக்கி மூடி வைத்து ஒரு ராத்திரி சும்மா விட்டால் நிறம் தானாக ஏறும் என்பது எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. துரை வீட்டில் வெள்ளையும் ரோஸுமாகத்தான் பூப் போடுவார்களாம். அத்தை எப்போது வந்து பின்னால் நின்றாரோ தெரியாது.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

"மூணு வாரமாச்சுங்க அத்தை."

"மூணு வாரம்" என்றார். "செவக்கல, செவக்கலன்னு நான் கெடந்து அடிச்சுக்கிட்டப்பெல்லாம் பக்கத்துலயே நின்னுட்டு இருந்தியா?"

நான் துணியை எடுத்துக் கிண்ணத்தை மறுபடி மூடினேன். இன்று அவர் வயதைத் தாண்டிவிட்டேன். என் பேத்தியின் பிறந்தநாளுக்குக் கடையிலிருந்து ரத்தச் சிவப்பில் பூப் போட்ட கேக் வருகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் காதில் கேட்கிறது.

அத்தை கொழுந்தனாருக்கு அன்றே கடிதம் போட்டு வரச் சொன்னார். நாலாம் நாள் அவர் பெட்டியோடு வந்து வாசலிலேயே தயங்கி நின்றபோது, "ஊட்டுக்குள்ள வாடா, சோறு ஆறுது" என்றார் அத்தை. அத்தோடு அவர்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. பிறகு அவருக்கு ஸ்கூலில் வாத்தியார் வேலை கிடைத்தது, கல்யாணம் நடந்தது. அந்தக் கல்யாணத்துக்கும் அத்தைதான் கேக் செய்தார், சிவப்பு ரோஜாக்கள் வைத்து. என்னிடம் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. என் பிரசவங்களை அவர்தான் பார்த்தார், என் பிள்ளைகளை அவர்தான் வளர்த்தார். ஆனால் அவர் இருந்த அத்தனை வருஷமும், கிறிஸ்துமஸுக்கு ஐசிங் கலக்கும்போது, பக்கத்து வீட்டுப் பெண்ணைத்தான் கூப்பிட்டு நிறம் பார்க்கச் சொல்வார்.