சேர்ந்தாற்போல் இரண்டு சீட்

கேம்ப் ரோட்டுக் கடையில் பில் போடுகிற பெண் தலை நிமிர்வதற்குள் சத்தியநாதன் தன் கார்டை நீட்டிவிடுகிறார். ஃப்ரிட்ஜ் அவருக்கு அல்ல, எதிர்வீட்டு ஸ்ரீநிவாசனுக்கு. ஸ்ரீநிவாசன் பக்கத்திலேயே நின்று அந்தத் தொகையைப் போனில் அவருக்கு அனுப்பிவிடுகிறார். ஃப்ரிட்ஜ் ஸ்ரீநிவாசன் வீட்டுக்குப் போகும். கார்டில் சேருகிற பாயிண்ட் சத்தியநாதனோடு வரும்.

"நான் ஃப்ரிட்ஜ் வாங்கறேன், நீங்க ஜெர்மனி போறீங்க. நல்லா இருக்கு சார் உங்க நியாயம். ஒரு சாக்லேட்டாவது வாங்கிட்டு வாங்க."

"சாக்லேட் எதுக்கு? அங்கேருந்து ஐஸ்கட்டியே எடுத்துட்டு வரேன். உங்க ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கலாம்."

சேலையூரில் எங்கள் தெருவில் அவருக்குப் பாயிண்ட் சார் என்று பெயர். ஐம்பத்தொன்பது வயது. பொத்தேரியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்திரண்டு வருஷமாக உதவியாளர். காலை ஏழே முக்கால் மணிச் செங்கல்பட்டு ரயிலில், தாம்பரத்தில் ஏறினால் வலதுபக்க ஜன்னலோரம். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஆறு அங்குல இரும்பு ஸ்கேல் ஒன்று எப்போதும் இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருக்கிற மேஜையின் கனத்தை அதால் அளந்து பார்த்துவிட்டு மறுபடி பையில் போட்டுக்கொள்வார். அளந்தது எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

தெருவில் யார் பெரிதாக எது வாங்கினாலும் அவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்பது ஏழு வருஷத்தில் வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், சர்ச்சுக்குப் பன்னிரண்டு மின்விசிறி, சர்ச்சின் பெண்கள் ஐக்கியம் ஏற்காடு போன பஸ், பின்தெரு ஃபிரெடியின் தங்கை கல்யாணத்து பிரியாணி எல்லாம் அவர் கார்டில்தான் போயின. பெட்ரோல் போட மட்டும் அந்தக் கார்டை எடுக்கமாட்டார். "பெட்ரோலுக்குப் பாயிண்ட் குடுக்க மாட்டான் சார். நானும் விசாரிச்சுப் பாத்துட்டேன்" என்பார்.

ஒரே ஒரு முறை வந்ததை வேண்டாம் என்றிருக்கிறார். ஃபிரெடியின் அப்பா இறந்தபோது சவப்பெட்டி வாங்கக் கூடப் போயிருந்தார். சவப்பெட்டிக் கடையிலும் கார்டு வாங்குகிறார்கள். பழக்க தோஷத்தில் ஃபிரெடியே திரும்பி, "அண்ணா, உங்க கார்ட போடுங்க" என்றான். சத்தியநாதன் பையில் வைத்த கையை எடுக்கவில்லை. "வேணாம்டா. இதுல வர்ற பாயிண்ட்டுல ஏறிப் பறக்க என்னால ஆவாது" என்றார்.

பறக்க வேண்டியது அவருடைய மனைவி ஜோசலின். மழலையர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். ஏழு வருஷத்துக்கு முன்னால் பள்ளி மாடிப்படியில் சறுக்கி விழுந்ததில் முதுகெலும்பில் இரண்டு கம்பியும் ஆறு திருகாணியும் வைத்திருக்கிறார்கள். இடுப்பில் பெல்ட் மாட்டிக்கொண்டு நடப்பார், நிற்பார், சமைப்பார். உட்காருவதுதான் முடியாது. நாற்பது நிமிஷம் தாண்டினால் வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கிவிடும். சர்ச்சில் பிரசங்கம் நீண்டால் எழுந்து பின்சுவரோரம் போய் நின்றுகொள்வார். புது பாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு இரண்டு ஞாயிறு பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டதாகத் தெருவில் சொல்கிறார்கள்.

மகள் அபிகாயில் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மூன்று வாரம் வருவாள், போவாள். ஜோசலினுக்கு அது போதவில்லை. "இங்க வந்தா அவ விருந்தாளி மாதிரி சோபாவுல உக்காந்துக்கறா. அவ கிச்சன்ல நான் ஒரு நாள் நிக்கணும். மிளகாத்தூள எந்த டப்பாவுல போட்டு வெச்சிருக்கான்னு பாக்கணும்" என்பார். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் பத்து மணி நேரம். நாற்பது நிமிஷம் உட்கார முடிகிறவருக்குப் பத்து மணி நேரம் என்றால் படுத்துக்கொண்டுதான் போக வேண்டும். படுக்கை விரிகிற சீட் பிசினஸ் கிளாஸில்தான் இருக்கிறது. இரண்டு பேருக்கும் காசு கொடுத்து வாங்கினால் அவருடைய ஒரு வருஷச் சம்பளம் போய்விடும். அப்போது கையில் எடுத்ததுதான் கார்டு. அதில் செலவழிக்கச் செலவழிக்கச் சேருகிற பாயிண்ட்டைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம்.

அந்த சீட் அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே இருக்கிறது. ஜோசலின் படுக்கிற அகலமான மரக்கட்டிலின் பலகைமேல் சிவப்பு டேப் ஒட்டி இரண்டு கட்டங்கள் போட்டிருக்கிறார். ஒவ்வொன்றும் எழுபத்தெட்டு அங்குல நீளம், இருபத்தொரு அங்குல அகலம். நடுவில் கைப்பிடிக்கு நான்கு அங்குலம். விமானத்தில் எடுத்த வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கண்டுபிடித்த அளவு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சாப்பிட்டதும் இருவரும் ஆளுக்கொரு கட்டத்தில் படுத்துப் பழகுகிறார்கள். ஜோசலின் கையை வெளியே நீட்டினால், "கோட்டைத் தாண்டிட்ட, ஜோசி. அது பேசேஜ், டிராலி வரும்" என்பார். சாப்பாட்டுக்கு என்னென்ன தருவார்கள், போர்வை என்ன நிறம், எந்தப் பொத்தானை அழுத்தினால் கால் பக்கம் நீளும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இரண்டு பேருடைய பாஸ்போர்ட் எண்களும் அப்படியே. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மனைவிக்காகத்தான் இத்தனையும் என்று சொல்லிக்கொள்கிறார். ஆனால் வலதுபக்கக் கட்டத்தில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, பெருவிரலால் இல்லாத பொத்தானை அழுத்துகிறவரைப் பார்த்தவர்கள் அதை முழுதாக நம்பமாட்டார்கள்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு மாலை அபிகாயில் போன் செய்து, தான் முழுகாமல் இருப்பதைச் சொன்னாள். கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து. நவம்பர் முதல் வாரத்தில் பிரசவம். "மம்மி, தலைப்பிரசவத்துக்கு நான் அங்க வர முடியாது. நீ இங்க வந்துடறியா?" என்றாள். பெண் அம்மா வீட்டுக்கு வருவதற்குப் பதிலாக அம்மா போக வேண்டும். சத்தியநாதன் அப்போதே தேடினார். அக்டோபர் இருபதாம் தேதி பிசினஸ் கிளாஸில் பாயிண்ட்டுக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு சீட் காட்டியது. கார்டில் இருக்கிற பாயிண்ட்டை விமானக் கம்பெனிக் கணக்குக்கு மாற்றிவிட்டுப் பதிவு செய்ய வேண்டியதுதான் பாக்கி.

அந்த வீட்டில் நல்லது எது நடந்தாலும் முதலில் ஜெபம். சாவி வாங்கிய வண்டியைக்கூட ஜெபிக்காமல் நகர்த்தமாட்டார்கள். பக்கத்து வீட்டு ஞானசௌந்தரி டீச்சரைக் கூப்பிட்டார்கள், பின்தெருவிலிருந்து ஃபிரெடி குடும்பம் வந்தது. மூன்று பாட்டு, பைபிளிலிருந்து ஒரு சங்கீதம், ஆளுக்கொரு ஜெபம். பிறகு கேசரி, காபி. எல்லோரும் கிளம்பியதும் பாயிண்ட்டை மாற்றினார். அது போய்ச் சேர மறுநாள் மதியமாயிற்று. அதற்குள் இரண்டு சீட்டில் ஒன்றை யாரோ எடுத்துவிட்டார்கள். மாற்றிய பாயிண்ட் கார்டுக்குத் திரும்பி வராது.

"ஜெபம் பண்ணது தப்பா?" என்று ஜோசலின் கேட்டார்.

"ஜெபம் தப்பில்ல, ஜோசி. ஒரு பாட்டோட நிறுத்தியிருக்கலாம்."

"மூணாவது பாட்ட எடுத்ததே நீங்கதான்."

அன்றிலிருந்து காலை ஐந்தரைக்கு, பிறகு ரயிலில், பிறகு ஆய்வகத்தில் மாணவர்கள் ஊசலை ஆட்டிவிட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போது என்று தேடிக்கொண்டே இருந்தார். ஒன்று காட்டும். ஒன்றும் காட்டாது. மறுபடி ஒன்று காட்டும். இரண்டு காட்டவில்லை. தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் தலைக்குமேல் போனால் அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மீனம்பாக்கத்திலிருந்து ஏறுகிற பெரிய விமானத்தின் சத்தம் அவருக்குத் தெரியும். அதற்கு மட்டும் ரோட்டின் நடுவிலேயே நின்றுவிடுவார்.

அதே விமானத்தில் பின்னால் சாதாரண வகுப்பில் இடம் நிறைய இருந்தது. அபிகாயில் சொல்லிப் பார்த்தாள். "டாடி, மம்மி முன்னாடி படுத்துக்கட்டும், நீங்க பின்னாடி உக்காந்துக்கங்க." அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நடுவில் திரை போட்டுவிடுவான், உள்ளே விடமாட்டான் என்றார். "கை பிடிச்சுத் தூக்காம உங்கம்மாவால எழுந்திருக்க முடியாது. இடுப்பு பெல்ட்டு யார் மாட்டிவிடுவா? கூப்பிட்டா எனக்குக் கேக்குமா?" இதைச் சொல்லும்போது அவர் பார்வை கட்டிலின் வலதுபக்கக் கட்டத்தின்மேல் இருந்தது.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, சொத்துவரியை அவர் கார்டில் கட்டச் சொல்லலாம் என்று போயிருந்தேன். ஜோசலின் இடதுபக்கக் கட்டத்தில் படுத்திருந்தார். சத்தியநாதன் அளவு நாடாவை இழுத்துக்கொண்டு கூடத்திலிருந்து சமையலறை வழியாகப் பின்கட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"வாங்க சார். அந்த முனையக் கொஞ்சம் கட்டில்ல பிடிங்க. முப்பத்தாறு அடி வரணும்."

"என்ன சார் இது?"

"அஞ்சாவது வரிசைலருந்து இருபதாவது வரிசை" என்றார் ஜோசலின், மேலே பார்த்தபடியே. "காலைல ஒரு சீட்டு வந்துகீது. சாயந்திரத்துக்குள்ள போட்டுடுங்கன்னு சொன்னேன். மனுஷன் ஏரோபிளேன் கட்டறாரு."

முப்பத்தாறு அடி வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் போய் முடிந்தது. அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். சமையலறை வாசலில் தொங்கிய திரையை இழுத்துவிட்டார். "இன்ஜின் சத்தம் வேணுமே" என்று வாஷிங் மெஷினைத் துணியில்லாமலேயே சுழலவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலை ஒட்டி, கைகளை மடக்கி வைத்துக்கொண்டார். போன் மடியில் இருந்தது.

"ஜோசி, இப்ப கூப்பிடு!"

"என்னங்க" என்றார் ஜோசலின்.

திரை அசையவில்லை.

"என்னங்க!"

மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. நான் கை கொடுக்கப் போனேன். ஜோசலின் வேண்டாம் என்று தலையசைத்தார். முதலில் ஒருக்களித்தார். முழங்கையை ஊன்றினார். கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல உடம்பை நிமிர்த்தினார். தலைமாட்டில் கிடந்த பெல்ட்டை எடுத்து, இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாம் முறை தானே மாட்டிக்கொண்டார். சுவரைத் தொட்டுக்கொண்டு சமையலறையைத் தாண்டிப் போய்த் திரையை விலக்கினார்.

சத்தியநாதன் கண்ணை மூடி, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோளில் கை பட்டதும் திடுக்கிட்டார்.

"ரெண்டு தடவை கூப்பிட்டேன், கேக்கல. அதான் வந்துட்டேன்."

அவர் ஜோசலினைப் பார்த்தார். மனைவியின் பின்னால் யாராவது தாங்கிக்கொண்டு நிற்கிறார்களா என்று பார்த்தார். நான் கூடத்தில் இருந்தேன். பெல்ட்டின் கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். மெஷினை நிறுத்தினார்.

"போடுங்க" என்றார் ஜோசலின். "எனக்கு முன்னாடி. உங்களுக்கு இந்தச் சேரு."

போனை எடுத்தார். வழக்கம்போல் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மனைவியின் பாஸ்போர்ட் எண்ணைத் தட்ட ஆரம்பித்தார். ஓர் எழுத்து, மூன்று எண்கள். பிறகு குரல் நின்றுவிட்டது. விரல் திரைக்குமேல் அப்படியே இருந்தது.

மீதி நான்கையும் ஜோசலின் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.