மெஷின் நின்ற பிறகும் ஓடிய நெஞ்சு

கார்மெண்ட்ஸ் கம்பெனியில் அவளுக்கு மின்னல் என்று பட்டப்பெயர். சட்டைக் காலர்கள் அவள் மெஷினிலிருந்து சரசரவென்று வந்து விழும். அந்த வருஷம் வேகம் இன்னும் ஏறிவிட்டது. இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டாள். உடம்போ இளைத்துக்கொண்டே போனது. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தும் முதுகு நனைந்தது. நெஞ்சு படபடத்தது. அவள் அலட்டிக்கொள்ளவில்லை. நாளெல்லாம் மோட்டார் அதிரும் பலகையில் கை வைத்திருக்கிறோம், அந்த அதிர்வு உடம்பில் தங்கிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாள். அங்கே தைக்கிற பெண்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள்.

தையல் போட்டியில் ஜெயிப்பவருக்கே சூப்பர்வைசர் வேலை என்று மேனேஜர் அறிவித்ததும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்து மெஷினில் இருந்த நாத்தனார் சீண்டினாள்.

"அண்ணி, நாங்கல்லாம் போட்டிக்கு வரணுமா, வீட்லயே இருந்துக்கலாமா?"

"வந்து கை தட்டு. அதுக்கும் ஆள் வேணும்ல."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அத்தனை மோட்டாரும் அடங்கின. அவள் நெஞ்சு மட்டும் அடங்கவில்லை. திடுதிடுவென்று ஓடியது, நடுவில் ஒரு துடிப்பைத் தவறவிட்டது, மறுபடி துரத்தியது. அவள் முகம் வெளிறியதைக் கண்ட நாத்தனார் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"மெஷின் நின்னுடுச்சு அண்ணி. நீங்க இன்னும் ஓடுறீங்க. எந்திரிங்க, டாக்டர்கிட்ட போவோம்."

டாக்டரம்மா கழுத்தைத் தடவி, விரல்களை நீட்டச் சொல்லிப் பார்த்தார். விரல்கள் நடுங்கின. ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் முடிந்தபின் விளக்கினார்.

"கழுத்துல இருக்கிற தைராய்டு அளவுக்கு மேல சுரக்குது. அது இதயத்தை விரட்டுது. ரத்தம் வேகமா சுத்துது, தோல்ல ரத்தக்குழாய் விரியுது, அதான் சூடும் வேர்வையும். இப்படியே விட்டா துடிப்பு தாளம் தப்பும், ரத்தம் உறையலாம், இதயமே ஓய்ஞ்சு போகலாம். துடிப்பை அடக்க மாத்திரை எழுதித் தர்றேன், தினம் விடாம போடணும்."

"மாத்திரை போட்டா என் கை வேகம் குறைஞ்சிடுமா?"

"குறையலாம். உயிர் இருந்தாத்தானே கை?"

போட்டி அன்று காலையில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கு ஒரு நாள் போடாவிட்டால் என்ன ஆகிவிடும்? சூப்பர்வைசர் நாற்காலி கண்முன் வந்து உட்கார்ந்தது. நெஞ்சு மறுபடி ஒரு துடிப்பைத் தவறவிட்டது. சட்டென்று விழுங்கிவிட்டாள்.

மணி அடித்தது. ஹால் முழுக்கக் கூச்சல். அவள் விட்டுக்கொடுக்காமல் தைத்தாள். ஊசி பறந்தது, துணி பறந்தது, கடைசிக் காலர் கைக்கு வந்தேவிட்டது. அதற்குள் பக்கத்து மெஷினில் நாத்தனார் முடித்துவிட்டுக் கையைத் தூக்கிவிட்டாள். தூக்கியவளுக்கே நம்ப முடியவில்லை.

"அண்ணி, கோவமா?"

"கொன்னுடுவேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். இத்தனை விரட்டு விரட்டியும் மூச்சு இரைக்கவில்லை. நெஞ்சு ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது.

"அப்போ சூப்பர்வைசர் சொல்றேன், சாயங்காலம் டாக்டர்கிட்ட போகணும். மறந்தீங்கன்னா சம்பளத்துல கை வெப்பேன்."

"ஜன்னலோர மெஷின் குடு, போறேன்" என்று மின்னல் அங்கேயே பேரத்தை ஆரம்பித்தாள்.