ஒரே அலைவரிசையில் ஏழு தோட்டங்கள்

அந்த ஒலிவாங்கியின் பக்கவாட்டில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். ஏழு தேயிலைத் தோட்டங்களுக்கும் பதுளையிலிருந்த தலைமைக் காரியாலயத்துக்கும் சேர்த்து ஒரே ஓர் அலைவரிசை. வயர்லெஸ் பெட்டி என்று நாங்கள் அழைத்த அந்தச் சாதனத்தைப் பற்றி எவராவது இன்று இளக்காரமாகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெட்டி கெட்டுப்போகவில்லை. கெடுத்தார்கள்.

எழுபதுகளில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட சில காலத்துக்குள் அந்தப் பெட்டிகள் வந்தன. நான் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் காரியாலயத்தில் இளைய கிளாக்கர். அதற்கு முன் எங்களுக்கு இருந்தது ஒரு டெலிபோன் மட்டும். ஒவ்வொரு மழைக்கும் எங்காவது ஒரு மரம் கம்பியின் மேல் விழும். பிறகு வாரக்கணக்கில் அது ஊமை. அதனால் தோட்டக் காரியாலயத்திலும், தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவிலும் ஒவ்வொரு பெட்டி வைத்தபோது நாங்கள் உண்மையாகவே மகிழ்ந்தோம். நோயாளியைக் கொண்டுபோக வேண்டுமா, தலைமைக் காரியாலயத்தைக் கூப்பிட்டால் அவர்கள் பதுளை ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் செய்து அம்புலன்ஸை அனுப்பிவிடுவார்கள். ஆரம்பத்தில் எல்லாரும் ஒழுங்காகத்தான் பேசினார்கள். தோட்டத்தின் பெயர், செய்தி, 'ஓவர்', அவ்வளவுதான். தொழிற்சாலைக்கு எண்ணெய் வேண்டும், லொறி புறப்பட்டுவிட்டது, பாதை உடைந்துவிட்டது என்று ஒவ்வொன்றும் இரண்டு வரிக்குள் முடிந்துவிடும்.

பங்களாக்கள் அதன் ருசியைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. முதலில் கிளப்பில் யார் பில்லியர்ட்ஸ் ஜெயித்தது என்ற செய்தி வந்தது. பிறகு வெலிமடையிலிருந்து வரும் லீக்ஸும் கரட்டும் யார் பங்களாவில் இறங்குவது என்ற பேச்சு. பிறகு கிரிக்கெட். ஒரு துரை புதிதாக வாங்கிய இசைத்தட்டை ஒலிவாங்கியின் முன் வைத்துச் சுழலவிட்டார், மற்றத் தோட்டங்கள் கேட்டு மகிழட்டுமாம். நாங்கள் காரியாலயத்தில் தலைமைக் காரியாலயத்துக்குச் சொல்ல வேண்டிய செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டு முடியட்டும் என்று உட்கார்ந்திருப்போம். இடையில் ஒரு கிளாக்கர் குரல் கொடுத்தால், "யாரது குறுக்கே?" என்ற அதட்டல் வரும். அரசாங்கத்தின் பெட்டி, அரசாங்கத்தின் பற்றரி. பேசும் உரிமை மட்டும் பங்களாவுக்கு.

எங்கள் தோட்டத்து மருத்துவமாது யாழ்ப்பாணத்தவர். நடுவயது, ஒல்லியான உடம்பு. வெள்ளைச் சேலையை முழங்காலுக்குக் கீழே சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்குவார். தொழிலாளர்கள் அவரை நர்ஸ் அம்மா என்பார்கள். அவருடைய பேச்சு அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். கோபம் வந்தால் அந்தப் பேச்சு இன்னும் வேகமாகும், பாதி யாருக்கும் விளங்காது. ஆனால் பிள்ளைப்பேறு என்று சொல்லி அனுப்பினால் கொட்டும் மழையிலும் வந்து நிற்பார் என்பது எல்லாருக்கும் விளங்கியிருந்தது.

ஒரு மழைக்காலத்துக் காலையில் மேல் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை நன்றாக இருந்தது. தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. தன்னால் ஆனதையெல்லாம் செய்துவிட்டு, மதியத்துக்குச் சற்று முன் மருத்துவமாது காரியாலயத்துக்கு ஓடிவந்தார். டெலிபோன் முதல் நாளே செத்துவிட்டது. தோட்டத்து லொறி தேயிலை ஏற்றிக்கொண்டு பதுளைக்குப் போயிருந்தது. தோட்டப் பாதையில் மண் சரிந்திருந்தாலும் சரிவுக்கு அந்தப் பக்கம் பெரிய பாதை திறந்தே இருந்தது. அம்புலன்ஸ் அங்கே வந்து நின்றால் போதும், நாங்கள் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுவோம்.

நான் பெட்டியைத் திறந்தேன். இரண்டு துரைமார் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய அல்சேஷன் நாய் குட்டி போட்டிருந்தது. மற்றவருக்கு அதில் ஒன்று வேண்டும். ஆண் குட்டியா பெண் குட்டியா, காது நிமிருமா, என்ன பெயர் வைப்பது. ஒருவர் விரலை எடுத்ததுமே மற்றவர் அழுத்திவிடுவார். இடைவெளி கிடைத்த போதெல்லாம் நான் "அவசரம், நோயாளி" என்று கத்தினேன். என் குரல் அவர்களுடைய சிரிப்புக்குள் ஒரு கீச்சொலியாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். "இன்று மழையில் இரைச்சல் அதிகம்" என்று ஒருவர் சொன்னது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"தாங்கோ தம்பி" என்று மருத்துவமாது ஒலிவாங்கியை என் கையிலிருந்து வாங்கினார். அவரும் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு, "இவையள் விடமாட்டினம். தூக்குவம்" என்றார்.

லயத்து ஆட்கள் கம்பளியைக் கம்பில் கட்டி அவளைத் தூக்கினார்கள். புருசன் முன்பக்கம் தோள் கொடுத்தான். மண்சரிவின் மேல் முழங்கால் புதையப் புதைய ஏறி இறங்கிப் பெரிய பாதைக்கு வந்தோம். அங்கே ஒன்றும் இல்லை. வரும் என்று யாரிடமும் சொல்லப்படவில்லையே, எப்படி இருக்கும்? நெடுநேரம் கழித்துப் பதுளை முஸ்லிம் வியாபாரி ஒருவரின் வேன் அந்த வழியாக வந்தது. நிலைமையைக் கண்டதும் அவர் மாவு மூட்டைகளை மழையில் இறக்கிப் போட்டுவிட்டு இடம் கொடுத்தார். நகரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அவள் இறந்துபோனாள்.

மறுநாள் மாலை மருத்துவமாது காரியாலயத்துக்கு வந்தார். பெட்டியில் வழக்கமான அரட்டை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு துரை மூச்சு வாங்கிய நொடியில் அவர் பொத்தானை அழுத்தினார். அழுத்தியவர் விடவில்லை. நகம் வெளுத்துப் போகும்வரை அந்தக் கட்டைவிரல் அங்கேயே இருந்தது. முதலில் துரைமாருக்கு விளங்கும்படி ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு காரியாலயங்களில் இருந்த எங்களைப் போன்றவர்களுக்காகத் தமிழில் சொன்னார்.

"நேற்று நீங்கள் நாய்க்குட்டிக்குப் பெயர் தேடின நேரம் ஒரு பெண் செத்துக்கொண்டிருந்தவள். இருபது வயசுப் பிள்ளை. நாங்கள் கூப்பிட்டனாங்கள். உங்களுக்கு அது இரைச்சலாக் கேட்டது. இனி ஒவ்வொரு மணித்தியாலமும் தொடங்கேக்க முதல் ஐந்து நிமிசம் ஒருத்தரும் கதைக்கக் கூடாது. அது நோயாளியின்ரை நேரம். நோயாளி இல்லையெண்டால் பெட்டி சும்மா கிடக்கட்டும். விளங்கினதோ? ஓவர்."

விரலை எடுத்தார்.  பிறகு ஏதோ ஒரு பங்களாவிலிருந்து ஒரு துரைசாணியின் குரல், "விளங்கியது, எங்கள் வீட்டில் இதைக் கடைப்பிடிப்போம்" என்று ஆங்கிலத்தில் சொன்னது. 

அடுத்த கிழமை அவரைத் தலைமைக் காரியாலயத்துக்கு விசாரணைக்கு அழைத்தார்கள். சாட்சியாக நானும் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு நேரம் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தீர்கள்?" என்பது.  மருத்துவமாது பதறவில்லை. "அந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் கிடந்தவள் எண்டு முதல் கேளுங்கோ, ஐயா. பிறகு இதுக்குப் பதில் சொல்லுறன்" என்றார். அவர்கள் கேட்கவில்லை. பெட்டி நல்ல நிலையில் இருந்தது, நாய்க்குட்டிப் பேச்சை என் காதால் கேட்டேன் என்று நான் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் அந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டுச் சன்னலைப் பார்த்தார். நாய்க்குட்டியைப் பற்றிப் பேசிய இருவரையும் எவரும் அழைக்கவேயில்லை. மருத்துவமாதுவை வெலிமடைக்கு அப்பால், வயர்லெஸே இல்லாத ஒரு தோட்டத்துக்கு மாற்றினார்கள். மழையில் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று எங்கள் துரை வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் தொழிலாளர்களிடம் சொன்னார். செத்தவளின் புருசன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். அன்றே கைக்குழந்தையுடன் தன் தாயார் இருந்த தோட்டத்துக்குப் போய்விட்டான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. மருத்துவமாது போன பிறகும் அந்த ஐந்து நிமிடம் போகவில்லை. ஏழு காரியாலயங்களின் கிளாக்கர்களும் பேசிவைத்துக்கொள்ளாமலே அதைப் பிடித்துக்கொண்டோம். மணி தொடங்கும்போது எந்தப் பங்களாவாவது வாயைத் திறந்தால், ஒரு தோட்டத்துக் கிளாக்கர் "நோயாளி நேரம்" என்பார். அடுத்த தோட்டத்தவர் "நோயாளி நேரம்" என்பார். பேச்சு நிற்கும்வரை ஏழு வாயும் மாறி மாறி அதையே சொல்லும். யாரைத் தண்டிப்பது என்று துரைமாருக்குத் தெரியவில்லை. அந்த இடைவெளியில்தான் தொழிற்சாலை உருளையில் கை சிக்கிய ஒருவரைக் காப்பாற்றினோம். பாம்பு கடித்த ஒரு சிறுமியைக் காப்பாற்றினோம். புதிய பெட்டியோ உயரமான கம்பமோ இதற்குத் தேவைப்படவில்லை. சிலர் சற்று நேரம் சும்மா இருந்தார்கள், அவ்வளவுதான். அதைப் பார்த்தாவது இந்த ஏற்பாட்டை எல்லாத் தோட்டங்களுக்கும் கொண்டுபோயிருக்கலாம். பதிலாக, எண்பதுகளின் தொடக்கத்தில், நாட்டில் தமிழர்கள்மீது சந்தேகம் தலையெடுத்த நாட்களில், தோட்டக் காரியாலயங்களில் வயர்லெஸ் இருப்பது பாதுகாப்பில்லை என்று உத்தரவு வந்தது. எங்கள் கையில் இருந்தால் பாதுகாப்பில்லையாம். பங்களாப் பெட்டிகளைத் தொடவில்லை.

பெட்டிகளைச் சேகரிக்கத் தலைமைக் காரியாலயத்து லொறி வந்தது. சுமை ஏற்றுவதற்காக அதிலிருந்து இறங்கியவனை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவன்தான் என்னை அறிந்துகொண்டான். அந்தப் புருசன். தலை நரைத்திருந்தது. மகள் பள்ளிக்கூடம் போவதாகச் சொன்னான். நான் கம்பிகளைக் கழற்றிக் கொடுத்தேன். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நின்றான்.

"ஐயா, அன்னைக்கு மழையில இது ரிப்பேராப் போச்சுன்னு தொரை சொன்னாருங்க. நெசமாங்களா?"

"இல்லப்பா. இது நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு தொரைங்க பேசிக்கிட்டே இருந்தாங்க, நமக்கு வழி விடல."

அவன் பெட்டியை இடுப்பில் சாய்த்துக்கொண்டான்.

"என்னாங்க பேசுனாங்க?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவனிடம் ஏற்கெனவே போதுமான அளவு பொய் சொல்லியாகிவிட்டது.

"நாய்க்குட்டியப் பத்தி."

அவன் அழவில்லை, திட்டவில்லை. வாசலுக்குப் போனான். லொறியின் பின்கதவு திறந்திருந்தது. அதைத் தாண்டிப் போய், பாதையோரத்தில் மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த வடிகால் கானுக்குள் பெட்டியை மெதுவாக இறக்கி வைத்தான். பிறகு கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு லொறியில் ஏறி உட்கார்ந்தான். சாரதி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒருவரும் அதை எடுக்கப் போகவில்லை.