கவரைப் பிரிக்காத அரசர்

எங்கள் தெருவில் ‘ராஜா’ என்று கூப்பிட்டால் ஒரே ஒருவர்தான் திரும்பிப் பார்ப்பார். பகலில் பார்சல் ஆபீசில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுவது அவர் உத்தியோகம். சனிக்கிழமை மாலைகளில் நாடகக் குழுவில் அரசர். இருபது வருஷமாக ஒரே வேடம். தம்பி நிரபராதி என்று சொல்லும் கடிதத்தைப் பிரிக்காமலே அவன் தலையை எடுக்கச் சொல்லிவிட்டு, மூன்றாம் அங்கத்தில் அதைப் படித்து, சிம்மாசனத்திலிருந்து உருண்டு விழுந்து சாகிற அரசர். உருளுவதில் அவருக்கு நிகர் கிடையாது; இடுப்பு வலியே சாட்சி.

புதிதாக வந்த டைரக்டர் மெத்தப் படித்த பிள்ளை. “இந்த அரசர் இன்னிக்கு இருந்தா டிவில என்ன பார்ப்பாரு? எழுதிக் குடுங்க. அதை வச்சுத்தான் வேஷம் யாருக்குன்னு சொல்லுவேன்” என்றார். போட்டிக்குக் குழுவின் எலக்ட்ரீஷியன் வேறு. அவர் ‘சண்டைப் படம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு விளக்கு மாட்டப் போய்விட்டார்.

நம்மவர் அப்படி லேசில் விடுகிற ஆளா? லீவு போட்டு, அட்டைக் கிரீடத்தோடு சோபாவில் உட்கார்ந்து ஆராய்ச்சியில் இறங்கினார். துப்பறியும் தொடரில் பத்தாவது நிமிஷமே தோட்டக்காரனைக் குற்றவாளியாக்கி டிவியை அணைத்தார். அரசர் அதற்குமேல் பார்க்க மாட்டாராம். சமையல் போட்டியில், ருசி பார்த்த பிறகு தீர்ப்பு சொல்லும் நடுவர்கள்மேல் அரசருக்கு மரியாதை வரவில்லை. கடைசியில் சிக்கியது, யாரோ ஒரு பெண் தனக்கு வந்த பார்சலைப் பிரித்துக் காட்டும் வீடியோ. டேப் கிழிந்தது. மூடி திறந்தது. உள்ளே ஓர் இஸ்திரிப் பெட்டி. ஆயுள் முழுக்கப் பெட்டிகளை மூடியே பழகிய மனுஷர், கிரீடம் நழுவ விம்மி விம்மி அழுதார். ‘அரசர் இதைத்தான் பார்ப்பார்’ என்று எழுதி அனுப்பிவிட்டு, மேலும் நாற்பது டப்பாக்கள் பிரிபடுவதைப் பார்த்தார்.

வியாழக்கிழமை டைரக்டரிடமிருந்து கவர் வந்தது. வேடம் போயிற்று என்று கவரைத் தொட்டே தெரிந்துகொண்டு, அதை டிவி மேஜையில் எறிந்துவிட்டுத் தாடி வளர்க்க ஆரம்பித்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவி வாயைத் திறந்தார். “ஊரான் டப்பாவைப் பிரிச்சா அழறீங்க. உங்க பேர் போட்ட கவரு மூணு நாளா கிடக்கு, சீந்த மாட்டேங்கறீங்க. நல்லா இருக்குங்க.”

சொல்லிவிட்டுக் காய் நறுக்கும் கத்தியால் அவரே கவரைப் பிரித்தார். வேடம் ராஜாவுக்கே. நாடகம் இன்று ஐந்து மணிக்கு. அப்போது மணி நாலேகால்.

மூன்று நாள் தாடியோடு ஓடினார். முதல் அங்கத்தில் தூதன் கடிதத்தை நீட்டினான். வாங்கி வீசியெறிய வேண்டிய இடம். வீட்டில் பட்ட சூடு இன்னும் ஆறவில்லை. கை தானாக முத்திரையைக் கிழித்தது. ஒரு வரி விடாமல் சத்தமாக வாசித்தார். தம்பியின் விலங்கை அவிழ்க்கச் சொன்னார். அதற்குமேல் நாடகத்தில் நடக்க எதுவும் பாக்கியில்லை. ஐந்து இருபதுக்குத் திரை விழுந்தது. தம்பி வேடக்காரர் இருபது வருஷத்தில் முதல் தடவையாகத் தலையோடு வீட்டுக்குப் போனார்.

ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டிவிட்டதால் டைரக்டரால் வேடத்தைப் பிடுங்க முடியவில்லை. ஒரே நிபந்தனை போட்டார். இனிமேல் மேடைக் கடிதத்தைப் பார்சல் டேப்பால் எட்டுச் சுற்று சுற்றிவிட வேண்டும். அதையும் ராஜாவே சுற்ற வேண்டும்.

வீடு திரும்பும்போது, பின்னாலேயே நாடகம் பார்க்க வந்திருந்த மனைவி சொன்னார்: “இருபது வருஷத்துல இன்னிக்கு ஒரு நாள்தாங்க நீங்க ராஜா மாதிரி நடந்துக்கிட்டீங்க.”