புடலங்காய்க்குப் பூட்டுப் போட்ட கதை

நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நானும் உங்கள் அம்மாவும் திண்டுக்கல்லில் குடியிருந்த வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. தெருவாசலில் நுழைந்தால் முன்னறை, அதைத் தாண்டி அடுப்படி, அதையும் தாண்டினால்தான் கொல்லை. வேறு வழி கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் நான் ஏன் தோட்டம் போட்டேன் என்பது உங்களுக்கு விளங்கும்.

கலியாணம் முடிந்து வந்த முதல் தை மாதத்தில் உங்கள் தாத்தா, அதாவது என் மாமனார், பழனிப் பக்கத்துக் கீரனூரிலிருந்து வந்தார். அவர் விவசாயி. கொல்லையில் நின்று வெறும் தரையைப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, இத்தன எடத்தச் சும்மாவா போட்டிருக்கறீங்க? பொண்ணுக்கு ஒரு வாய் மோருக்கு வழியில்லீங்களே. ஒரு எருமைய அனுப்பி வெக்கறனுங்க."

எருமை கொல்லைக்குப் போக வேண்டுமென்றால் முன்னறை வழியாக நுழைந்து, அடுப்படியைக் கடந்துதான் போயாக வேண்டும். மேய்ச்சலுக்கும் அதே பாதைதான். இலை முன் உட்கார்ந்து சாப்பிடுகிற என்னை அது உரசிக்கொண்டு போவது கண்ணில் தெரிந்தது. மாமனாரிடம் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

"அங்க தோட்டம் போடப்போறேன் மாமா" என்று சொல்லிவிட்டேன்.

"என்னங்க போடப்போறீங்க?"

மத்தியானம் சாப்பிட்ட கூட்டு ஞாபகம் வந்தது. "புடலை."

"சரீங்க. ஆடியில வாரனுங்க. காய் தொங்குச்சுன்னா தோட்டம். இல்லீன்னா எருமை."

நான் அப்போது ஒரு பூட்டுப் பட்டறையில் அரத்தால் சாவி ராவிக்கொண்டிருந்தேன். இரும்பு எனக்குத் தெரியும். மண்ணைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது காலில் ஒட்டும் என்பதுதான். முதலில் போட்ட விதைகளை, முளைத்துவிட்டதா என்று தினமும் தோண்டித் தோண்டிப் பார்த்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. அடுத்த முறை உங்கள் அம்மா விதைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றும் வேலையை மட்டும் எனக்குக் கொடுத்தாள். தண்ணீர் பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து. அது தோல் வியாபாரம் செய்கிற ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீடு. அந்த வீட்டு அக்கா, நடுச்சுவரில் இருந்த சின்னக் கதவை எங்களுக்காக எப்போதும் திறந்தே வைத்திருந்தார்.

கொடி பந்தலேறிப் பூத்தது, பிஞ்சும் விட்டது. ஆனால் பிஞ்செல்லாம் வளைந்து வளைந்து போயிற்று.

"நுனியில கல்லுக் கட்டோணுமுங்க" என்றாள் உங்கள் அம்மா. "பாரம் இருந்தாத்தான் நேரா எறங்கும். இல்லீன்னா சுருண்டுக்கும்."

கல்லைக் கட்டினேன். கயிற்றிலிருந்து நழுவி என் கால் மேலேயே விழுந்தது. வேறொரு கல்லைக் கட்டினேன், அதுவும் விழுந்தது. நழுவாத பாரம் எது என்று யோசித்தபோது பட்டறை மூலையில் குவிந்து கிடந்த கழிவுப் பூட்டுகள் கண்ணில் பட்டன. வளையம் இருக்கிறது, கயிற்றை மாட்டிப் பூட்டிவிட்டால் பிறகு எங்கே விழும்? முதலாளியிடம் கேட்டு ஒரு பை நிறைய அள்ளி வந்து, காய்க்கு ஒன்றாகப் பூட்டினேன். எல்லாம் பட்டாளத்துச் சிப்பாய்கள் போல விறைத்து நின்றன.

இந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு அக்கா சமையலுக்கு ஒரு காய் கேட்டார். "மாமனார் வந்து பாத்துட்டுப் போகட்டும்க்கா, பெறகு தாரேன்" என்றேன். மறுநாள் துணி காயப்போட வந்தவர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"யா அல்லா! ஒத்தக் காய் கேட்டதுக்கு எல்லாத்துக்கும் பூட்டா போட்டிருக்க, தம்பி?"

"ஐயோ அக்கா, அது பாரத்துக்கு."

"எது பாரம்? நாங்க என்ன களவாணிக் கூட்டமா? சாவி எங்க வச்சிருக்க?"

"சாவியே கிடையாதுக்கா."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"சாவியே இல்லாமப் பூட்டிருக்கியா! அம்புட்டு அவநம்பிக்கையா எங்க மேல?"

அன்று மாலை சின்னக் கதவில் ஒரு பூட்டுத் தொங்கியது. எங்கள் பட்டறைப் பூட்டுதான். நல்ல பூட்டு, திறக்க முடியாது. தெருக்குழாயில் தண்ணீர் வந்தால் உண்டு என்கிற காலம் அது. பந்தல் வாடத் தொடங்கியது. ஆடி பிறக்க ஒரு வாரம்கூட இல்லை.

சுவரோரம் நின்று, "எல்லாத்தையும் அறுத்து எறிஞ்சிடுறேன்க்கா" என்று கெஞ்சினேன்.

"அறுப்ப. காய் கோணிக்கும். நான் கோணவச்சேன்னு தெருப்பூராச் சொல்லுவ. பூட்டு கெடக்கட்டும். சாவியக் கொண்டா, என் இடுப்புல இருக்கட்டும்."

அதனால் கழிவுப் பூட்டுகளுக்குச் சாவி செய்ய உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொண்டுபோய், பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் ராவினேன். எதனால் கழித்தார்களோ அதனாலேயே அவை சாவிக்கு மசியவில்லை. மேஸ்திரி பின்னால் வந்து நின்றார்.

"ஏலே, கழிச்ச பூட்டுக்குச் சாவி எதுக்கு?"

"புடலங்காய்க்குண்ணே."

அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒருவழியாகப் பூட்டுக்கு ஒரு சாவி ராவி முடித்தேன், சாவிக்கொத்து அக்காவின் இடுப்பில் ஏறியது. கதவு திறந்தது, பந்தல் பிழைத்தது. மாமனாரும் சொன்னபடி வந்தார். பந்தலுக்கு அடியில் நின்று ஒரு பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, இந்தூர்ல கள்ளன் அதிகமுங்களா?"

நான் விளக்குவதற்குள் அக்கா சாவிக்கொத்தோடு வந்து, ஒரு பூட்டைத் திறந்து காயை அறுத்து நீட்டினார். மாமனார் அதைத் தரையில் நிறுத்திப் பார்த்தார். அவர் தோள் உயரம் இருந்தது.

"காய் குத்தமில்லீங்க. ஆனா இன்னும் எடம் கெடக்குதுங்களே. மூலையில எருமையையும் கட்டிப்போடலாமுங்க."

பதில் அக்காவிடமிருந்து வந்தது.

"எருமையா? இந்தப் பந்தல ஒரே வாயில தின்னுட்டுத்தான் மறுவேல பாக்கும். என் கெணத்துத் தண்ணியில வளந்த கொடிங்க இது. மோருதான வேணும்? எங்க வீட்டுல ரெண்டு மாடு கறக்குது, உங்க மகளுக்கு நான் குடுக்குறேன்."

மாமனார் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், அக்கா இடுப்பிலிருந்த கொத்தையும் பார்த்தார்.

"அப்பச் சரிங்க" என்றார்.

அன்று இரண்டு வீட்டிலும் புடலங்காய்க் கூட்டு. மாமனார் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஊருக்குக் கிளம்பும்போது, இருந்ததிலேயே நீளமான காயைக் காட்டி அது தனக்கு வேண்டும் என்றார். அந்தப் பூட்டு மட்டும் எந்தச் சாவிக்கும் திறக்கவில்லை. "அப்படியே இருக்கட்டுமுங்க, ஊர்ல காட்டோணும்" என்று பூட்டோடு தோளில் சாத்திக்கொண்டு பழனி பஸ் ஏறினார். கண்டக்டர் காயையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விசில் ஊதினார்.