தொட்டி விளிம்பில் எரிந்த விளக்கு

அட்டன் பஸ் நிலையத்தில் வடை கடித்துக்கொண்டு நின்றபோது எங்கள் தோட்டத்து லொறி டிரைவர் ஓடிவந்தார். "கிளாக்கரையா, நம்ம சவரிமுத்து அண்ணன் தொட்டிக்குள்ளயே போயிட்டாருங்க." எந்தத் தொட்டி என்று நான் கேட்கவில்லை.

பூண்டுலோயாப் பக்கத்திலுள்ள எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் கீழே ஒரு நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி உண்டு. ஓடையோடு வரும் இலைதழை அடியில் அழுகிக் கிடக்கும். மழைக்கு முன் ஆள் இறங்கிச் சேறு வார வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில், சவரிமுத்து அண்ணன் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராகச் சேர்ந்த புதிதில், அவருடைய தம்பி அதில் இறங்கியவர் ஏணியடியில் சுருண்டு விழுந்து இறந்தார். பேய் அடித்தது என்றார்கள். "பேயும் இல்ல, பிசாசும் இல்ல. உள்ள இருக்கிறது கெட்ட காத்து," என்று அண்ணன் அழுதுகொண்டே சொன்னார். யார் காதில் வாங்கினார்கள்?

அதன்பின் மூடியைத் திறந்து போட்டு, அரிக்கன் விளக்கைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பார்க்காமல் அவர் ஒருவரையும் இறங்க விட்டதில்லை. விளக்கு அணைந்தால் அன்று வேலை இல்லை. தோட்டத்தை நடத்தும் துரைக்கு எரிச்சல். "விளக்குக்கு மூக்கு இருக்கா சவரிமுத்து?" என்று நக்கலடிப்பார். வேலையாட்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

வெறுத்துப்போன அண்ணன் ஒரு பொய் சொன்னார். அது முனியாண்டிக்குக் காட்டும் விளக்கு, அணைந்தால் முனி உத்தரவு தரவில்லை என்று. மாதா கோயிலுக்குப் போகிறவர் சொன்ன முனி கதையை மறுநாளே அத்தனை பேரும் நம்பினார்கள். நான் கேட்டதற்கு, "காத்துன்னா கேக்க மாட்றாங்க, சாமின்னா கேக்குறாங்க. உசுரு நின்னா சரிதாங்க ஐயா," என்றார். பல வருடங்கள் உயிர்கள் நின்றன.

போன வாரம் அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். துரை அவசரப்படுத்தினார். பெருமாள் என்பவர் விளக்கேற்றி, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, விளக்கைத் தொட்டி விளிம்பிலேயே வைத்துவிட்டு இறங்கினார். சாமி விளக்கை யார் சேற்றுக்குள் இறக்குவார்கள்? மேலே விளக்கு அழகாக எரிந்தது. கீழே பெருமாள் மடங்கி விழுந்தார்.

காய்ச்சலோடு ஓடிவந்த அண்ணன் விளக்கை இறக்கினார். பாதியிலேயே அணைந்தது. "நான் வரலன்னாலும் எவனும் எறங்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார். இருந்த ஒரே கயிற்றைப் பெருமாளின் இடுப்பில் கட்டினார். மேலே நின்றவர்கள் பெருமாளை இழுத்தெடுத்துவிட்டுக் கயிற்றைத் திரும்பப் போட்டபோது அதைப் பிடிக்கக் கீழே ஆள் இல்லை.

அடக்கத்தில், உயிர் பிழைத்த பெருமாள் கதறினார். "முனி காவு கேட்டுச்சு, அண்ணன் தன்னையே குடுத்துட்டாருங்க!"

"முனியும் இல்ல, ஒண்ணும் இல்லடா. காத்துடா, காத்து!" என்று கத்தினேன்.

பெருமாளின் மனைவி பதறிக் கையெடுத்துக் கும்பிட்டார். "அப்படிப் பேசாதீங்க ஐயா, சாமி கோவிச்சுக்கும். நாங்க புள்ளகுட்டிக்காரங்க."

மிச்சச் சேற்றை வாருவதற்குத் துரை நாள் குறித்துவிட்டார். என்ன சாமான் வேண்டும் என்று நான் கணக்கெழுதும் ஸ்டோருக்கு வந்தவர்களைக் கேட்டேன். சூடம் என்றார்கள். கயிற்றை ஒருவரும் கேட்கவில்லை.

போய் வாருங்கள், அண்ணா. நிம்மதியாக உறங்குங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தொட்டியருகே முனியின் சூலத்துக்குப் பக்கத்தில் உங்கள் படத்தை மாட்டி மாலை போட்டிருக்கிறார்கள். இனி உங்களைக் கும்பிட்டுவிட்டு இறங்கப் போகிறார்கள்.