மருந்து டின்னில் வந்த அரிசி

நாடு சுதந்திரம் பெற்ற புதிது. வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்காகக் எங்கள் ஊரான காஜா பெராங்கில் வீடு வீடாக அரிசி திரட்டினோம். பக்கத்து வீட்டு முனியம்மாக்கா ஒரு தகர டின் நிறையக் கொண்டுவந்து சாக்கில் கொட்டினார். சாக்கைத் தைத்து முடிப்பதற்குள், கீழே சிந்தியதைக் கொத்திய கோழிகள் சுருண்டு செத்தன.

“இது என்ன டின்னு, அக்கா?” என்றேன்.

“தோட்டத்துல லாலாங் புல்லு சாகறதுக்கு அடிக்கிற மருந்து வந்த டின்னு. நல்லா கழுவிட்டேன்லா,” என்றவர், கோழிகளைப் பார்த்ததும் தன் வீட்டுப் பக்கம் திரும்பினார். “அதுலேர்ந்து எடுத்துதானே புள்ளைக்குக் கஞ்சி வெச்சேன்.”

ஓடினோம். பிள்ளை பாதிக் கஞ்சி குடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து பிழைத்தது. அந்தச் சாக்கு அரிசியைப் புதைத்தோம்.

இப்போது யார் தந்தாலும், பாத்திரத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டுத்தான் வாங்குகிறேன். “தானம் கேக்க வந்தவனுக்கு இவ்வளவு கேள்வியா?” என்று சிலர் ஏசுகிறார்கள். ஏசட்டும்.